முகவரியை மாற்றினால் கூகலில் மேலே வருமா?

கேள்வி: லிட்டில் இந்தியாவில் எங்கள் குடும்பத்துக்குப் பித்தளைப் பாத்திரம், பூஜைப் பொருள் விற்கும் கடை இருக்கிறது. வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளிலும், அதில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸிலும் ஓடும் எங்கள் இணையத்தளத்தில் ஏறக்குறைய 400 பொருள்கள். ஆரம்பத்தில் சரக்குக் குறியீட்டையே பெயராகப் போட்டு ஏற்றியதால் பக்கங்களின் இணைய முகவரிகள் (யூஆர்எல்) எல்லாம் 'பிஎல்-412' என்ற மாதிரி இருக்கின்றன. இதனால்தான் கூகலில் பின்தங்குகிறோம், எல்லா யூஆர்எல்களையும் 'சிங்கப்பூர்-பெஸ்ட்-பிராஸ்-லேம்ப்-லிட்டில்-இந்தியா' என்பதுபோல் மாற்றிப் புதுத் தளம் கட்டித் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் 2,800 வெள்ளி கேட்கிறது. தமிழ்ப் பக்கங்களும் தொடங்கப்போகிறோம். அவற்றின் முகவரி தமிழில் இருக்கலாமா? '.சிங்கப்பூர்' முகவரி வாங்கினால் பலன் உண்டா? தீபாவளிக்கு முன் முடித்துவிட நினைக்கிறோம்.
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: வணக்கம். அந்த 2,800 வெள்ளியை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள்.

முகவரியில் உள்ள சொற்களைக் கூகல் பார்க்கிறது என்பது உண்மை. ஆனால் அதற்குக் கொடுக்கும் எடை மிகச் சிறியது என்று கூகல் தரப்பிலேயே பல முறை சொல்லிவிட்டார்கள். பக்கத்தை இன்னும் திறந்து படிக்காத நிலையில் அந்தச் சொற்கள் ஒரு சிறு குறிப்பாக உதவும். படித்த பிறகு தலைப்பு, உள்ளடக்கம், மற்ற தளங்களிலிருந்து வரும் இணைப்புகள் ஆகியவைதான் பேசும். 'பிஎல்-412' என்ற முகவரியில் விளக்கின் உயரம், எடை, எத்தனை முகம், விலை, நான்கு நல்ல படங்கள் எல்லாம் இருந்தால், அழகான முகவரியும் இரண்டு வரி விளக்கமும் உள்ள பக்கத்தை அது சுலபமாக முந்தும். முகவரிக்குள் 'பெஸ்ட்', 'லிட்டில் இந்தியா' என்று அடுக்குவதால் ஒன்றும் ஏறாது. பார்ப்பவருக்குத்தான் மலிவாகத் தெரியும்.

முகவரி அமைப்பால் ஒரு தளம் உண்மையாகவே அடிவாங்குவது இரண்டு வழிகளில். ஒரே பக்கத்துக்குப் பல முகவரிகள் இருப்பது ஒன்று. ஏற்கெனவே கூகலுக்குத் தெரிந்த முகவரி செத்துப்போவது மற்றொன்று. முதலாவது உங்கள் தளத்தில் இப்போதே இருக்கும். இரண்டாவது, அந்த நிறுவனம் சொல்வதைக் கவனமில்லாமல் செய்தால் வந்து சேரும். (முகவரிகளை இங்கே தமிழ் எழுத்திலேயே காட்டுகிறேன். தளத்தில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும்.)

முதலாவதை முதலில் பார்ப்போம். உங்களிடம் 20 பொருள் வகைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வூகாமர்ஸ் ஒவ்வொரு வகைப் பக்கத்திலும் 'விலை குறைந்தது முதல்', 'புதியது முதல்' என்று 6 விதமாக வரிசைப்படுத்தும் வசதி தருகிறது. அதோடு பித்தளை, செம்பு, வெள்ளி, எவர்சில்வர் என்று நான்கு உலோக வடிகட்டிகள் வைத்திருந்தால், எதையும் தேர்ந்தெடுக்காத நிலையையும் சேர்த்து 5. ஆக 20 பெருக்கல் 6 பெருக்கல் 5, மொத்தம் 600 முகவரிகள். உள்ளே இருப்பதோ அதே 20 பட்டியல்கள்தான். விலை வரம்பு வடிகட்டியும் இருந்தால் கணக்குக்கு முடிவே இல்லை. வண்டியில் சேர்க்கும் பொத்தானும் பல வார்ப்புருக்களில் கேள்விக்குறி போட்ட ஒரு தனி இணைப்பாகவே இருக்கும். தேடுபொறியின் ரோபோ அதையும் ஒரு பக்கம் என்று எண்ணிப் போய்ப் பார்க்கும். இவற்றுக்கு மேல், ஃபேஸ்புக்கிலிருந்து வருபவர்களின் முகவரியில் தானாக ஒட்டிக்கொள்ளும் வால் வேறு.

400 பொருள் உள்ள கடைக்குக் கூகல் வந்து படிக்கும் அளவு ஒரு பிரச்சினையே இல்லை. அது பல லட்சம் பக்கங்கள் வைத்திருப்பவர்களின் கவலை. உங்களுக்குள்ள நட்டம் வேறு. எது அசல் பக்கம் என்று கூகல் தானே முடிவெடுக்கும், சில சமயம் நீங்கள் விரும்பாத ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். புதிதாக ஏற்றிய பொருள் தேடலில் தெரிய நாளாகும்.

இதற்கு மருந்து கனானிக்கல் குறி. 2009இல் கூகல், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட ஒரு வரி அது. 'இந்தப் பக்கத்தின் அசல் முகவரி இன்னது' என்று பக்கத்தின் நிரலில், கண்ணுக்குத் தெரியாத தலைப்பகுதியில் எழுதுவது. தேடலுக்கு உதவும் யோஸ்ட் அல்லது ரேங்க் மேத் என்ற செருகுநிரலைப் போட்டிருந்தால் பெரும்பாலும் தானாகவே எழுதியிருக்கும். ஆனால் இருக்கும் என்று நம்பி விடாமல் பாருங்கள். தள உரிமையாளர்களுக்குக் கூகல் தரும் செர்ச் கன்சோல் என்ற கருவியில் ஒரு பக்கத்தின் முகவரியை மேலே உள்ள ஆய்வுப் பெட்டியில் ஒட்டினால், நீங்கள் அறிவித்த அசல் எது, கூகல் தேர்ந்தெடுத்த அசல் எது என்று இரண்டையும் காட்டும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அதிகம் விற்கும் 10 பொருள்களுக்கும் 5 வகைப் பக்கங்களுக்கும் பார்த்தால் நிலவரம் புரிந்துவிடும்.

இதில் வழக்கமாக நடக்கும் தவறுகள் மூன்று. வகைப் பட்டியலின் இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம் எல்லாவற்றுக்கும் முதல் பக்கத்தையே அசல் என்று எழுதிவிடுவது முதல் தவறு. அப்படிச் செய்தால் பின்பக்கங்களில் மட்டும் இருக்கும் பொருள்கள் கண்ணில் படாமல் போகலாம். ஒவ்வொரு பக்கமும் தன்னையே அசலாகக் குறிக்க வேண்டும். இரண்டாவது, வடிகட்டி முகவரிகளை ரோபோட்ஸ் கோப்பில் (தேடுபொறியின் ரோபோ எங்கே வரக்கூடாது என்று சொல்லும் கோப்பு) தடுத்துவிட்டு அதே பக்கங்களில் கனானிக்கலும் எழுதுவது. உள்ளே வரத் தடைபோட்ட பிறகு அந்தக் குறியைக் கூகல் எப்படிப் படிக்கும்? வண்டியில் சேர்க்கும் இணைப்புகளை ரோபோட்ஸில் தடுங்கள், மற்றவற்றைக் கனானிக்கலிடம் விடுங்கள். மூன்றாவது, தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இணைப்பில் விளம்பரக் கணக்குக்கான யூடிஎம் வாலைச் சேர்ப்பது. முகப்புப் பதாகைகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். வெளியிலிருந்து வரும் இணைப்புகளுக்கு மட்டுமே அது.

இன்னொரு சிறு சோதனை. உங்கள் தள முகவரியின் தொடக்கத்தில் 'எச்டிடிபி'க்குப் பின் பாதுகாப்பைக் குறிக்கும் 'எஸ்' எழுத்தோடும் இல்லாமலும், முன்னால் மூன்று டபிள்யூ போட்டும் போடாமலும் நான்கு விதமாகத் தட்டிப் பாருங்கள். நான்கும் ஒரே முகவரியில், ஒரே தாவலில் (ஒரு முகவரியிலிருந்து அடுத்ததற்கு அனுப்பப்படுவது ஒரு தாவல்) போய் நிற்க வேண்டும். பல தளங்களில் இது மூன்று தாவல்களாக நடக்கிறது. கூகல் 10 தாவல் வரை பின்தொடரும் என்றாலும், எம்ஆர்டியில் கைப்பேசியில் பார்ப்பவருக்கு ஒவ்வொரு தாவலும் காத்திருப்புதான்.

இனி முகவரி மாற்றம். எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம் என்றேனே தவிர, எதையும் தொடக்கூடாது என்று சொல்லவில்லை. செர்ச் கன்சோலில் கடந்த 16 மாதக் கணக்கு இருக்கும். செயல்திறன் அறிக்கையில் பக்கங்கள் பட்டியலைத் தரவிறக்குங்கள். ஒரு தடவைக்கு 1,000 வரிசை வரை கிடைக்கும், உங்களுக்கு அது போதும். ஏற்கெனவே நன்றாகக் கிளிக் வாங்கும் பக்கங்களின் முகவரி எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் கைவைக்காதீர்கள். கிளிக்கே வராத பக்கங்களில் முதலில் தலைப்பையும் விளக்கத்தையும் திருத்துங்கள். அதைச் செய்யும்போது முகவரியின் கடைசிப் பகுதியை 'பிராஸ்-குத்துவிளக்கு-12-இன்ச்' என்று மூன்று நான்கு சொற்களில் மாற்றிக்கொள்ளலாம். இழப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. புதிதாக ஏற்றும் பொருளுக்கு முதல் நாளே நல்ல பெயராக வையுங்கள். விலை, தள்ளுபடி, இருப்பு போன்ற மாறக்கூடிய எதுவும் முகவரியில் வேண்டாம்.

வேர்ட்பிரஸில் பதிவு அல்லது பொருளின் பெயர்ப்பகுதியை (முகவரியின் கடைசிப் பகுதியை) ஒவ்வொன்றாக நிர்வாகப் பக்கத்திலேயே மாற்றினால், பழைய பெயரை அது நினைவில் வைத்துக்கொண்டு வருபவரைப் புதிய முகவரிக்கு அனுப்பும். சாதாரணப் பக்கங்களுக்கும் பொருள் வகைகளுக்கும் இந்த வசதி கிடையாது. அவற்றுக்கு 301 வழிமாற்றத்தை, அதாவது பழைய முகவரிக்கு வருபவரை நிரந்தரமாகப் புதியதற்கு அனுப்பும் கட்டளையை, நீங்களே எழுத வேண்டும். புதுத் தளம் கட்டி மாற்றுபவர்கள் வழுக்குவது இங்கேதான். பொருள்களைக் கோப்பாக இறக்கிப் புதிய இடத்தில் ஏற்றும்போது அந்தப் பழைய பெயர் நினைவு சேர்ந்து வராது. திறந்த மறுநாள் 400 முகவரியும் 404, அதாவது 'பக்கம் இல்லை' என்று காட்டும்.

அதைத் தெரிந்துகொண்டு, 'எல்லாப் பழைய முகவரியையும் முகப்புக்கு அனுப்பிவிட்டோம்' என்பார்கள். அதுவும் வேலைக்காகாது. சம்பந்தமில்லாத பக்கத்துக்கு அனுப்பும் வழிமாற்றத்தைக் கூகல் 404 மாதிரியேதான் எடுத்துக்கொள்கிறது. பழைய விளக்குப் பக்கம் புதிய விளக்குப் பக்கத்துக்கு, பழைய சொம்புப் பக்கம் புதிய சொம்புப் பக்கத்துக்கு என்று ஒன்றுக்கு ஒன்று போக வேண்டும். விற்பதை நிறுத்திவிட்ட, மாற்றும் இல்லாத பொருள் என்றால் 404 காட்டுவதே நேர்மை.

எப்போதாவது முழுத் தளத்தையும் மாற்றியே ஆக வேண்டுமென்றால் வேலை இந்த வரிசையில் போகட்டும். எக்செல்லில் இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் புதியது. செர்ச் கன்சோல் பட்டியல், தளவரைபடக் கோப்பு (தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிக்குப் பட்டியலிடுவது), வருகைக் கணக்கு காட்டும் அனலிட்டிக்ஸ் மூன்றிலிருந்தும் பழையவற்றைத் திரட்டுங்கள், ஏனென்றால் ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இருக்காது. படங்களின் முகவரியையும் சேருங்கள். படங்களைக் கூகல் பக்கங்களைவிடக் குறைவாகவே திரும்ப வந்து பார்க்கிறது, அதனால் விளக்குப் படத்தைத் தேடி வருபவர்கள் திரும்பக் கிடைக்க அதிக நாளாகும். வழிமாற்றம் 301ஆக இருக்கட்டும். தற்காலிகம் என்று பொருள்படும் 302 போட்டால் பழைய முகவரியே தேடலில் தொங்கிக்கொண்டிருக்கும். 301 போட்டால் இணைப்பின் மதிப்பு வழியில் கசியும் என்ற பழைய பயத்தை 2016இலேயே கூகல் தரப்பு மறுத்துவிட்டது. பிறகு மெனு, உள்ளிணைப்புகள், கனானிக்கல், தளவரைபடம் எல்லாமே புதிய முகவரியை நேரடியாகச் சொல்லும்படி திருத்த வேண்டும். சோதனைத் தளத்தில் 'தேடுபொறிகள் வரவேண்டாம்' என்று போட்ட டிக்கை எடுக்க மறந்துவிட்டுத் திறப்பவர்கள் ஏராளம்; வேர்ட்பிரஸில் வாசிப்பு அமைப்புகளின் கீழ் அது இருக்கும், திறந்த அன்றே பாருங்கள். வழிமாற்றங்கள் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும் என்பது கூகலின் பரிந்துரை. எடுக்காமலேயே விட்டால் இன்னும் நல்லது.

எல்லாம் சரியாகச் செய்தாலும் கூகல் பழையதை விட்டுப் புதியதைப் பிடிக்கச் சில வாரங்கள் ஆகும், அந்த நேரத்தில் வருகை ஏறி இறங்கும். உங்கள் கடைக்குத் தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம்தான் வருமானம் என்றால் அப்போது இதைத் தொடுவது சரியல்ல. பொங்கல், தைப்பூசக் கூட்டம் முடிந்து பிப்ரவரி பிற்பாதியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில்லறைச் சந்தேகங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சொற்களுக்கு நடுவில் சிறு கோடுதான், அடிக்கோடு வேண்டாம். முழுக்கச் சிற்றெழுத்து. எத்தனை சாய்கோடு இருக்கிறது என்று கூகல் எண்ணுவதில்லை. முகப்பிலிருந்து எத்தனை கிளிக்கில் பொருளை எட்டலாம் என்பதுதான் முக்கியம். பொருளின் முகவரிக்குள் வகையின் பெயரை நுழைக்கும் வூகாமர்ஸ் தெரிவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நாளைக்கு ஒரு விளக்கை 'பூஜை' வகையிலிருந்து 'திருமணப் பரிசு' வகைக்கு மாற்றினால் முகவரியும் கூடவே மாறும். தேடல் முடிவில் வகையின் பெயர் தெரிய வேண்டுமென்றால் அதற்குப் 'பிரெட்கிரம்ப்' என்ற குறிப்பு (முகப்பு, வகை, பொருள் என்ற வழியைக் கூகலுக்குச் சொல்வது) இருக்கிறது, அதுவும் கணினியில் மட்டும்தான். கைப்பேசி முடிவுகளில் 2025 ஜனவரியிலிருந்து தளத்தின் பெயரை மட்டுமே கூகல் காட்டுகிறது. முகவரியை அழகுபடுத்துவதற்காகக் காசு கேட்பவரிடம் இதையும் சொல்லிப் பாருங்கள்.

தமிழ்ப் பக்கங்களுக்கு வருவோம். கூகலுக்குத் தமிழ் முகவரி நன்றாகவே புரியும், கணினியில் தேடல் முடிவிலும் தமிழாகவே காட்டும். வாசகரின் மொழியில் முகவரி இருப்பதை அது வரவேற்கவும் செய்கிறது. சிக்கல் தேடுபொறியில் இல்லை, வேர்ட்பிரஸிலும் வாட்ஸ்அப்பிலும்தான் இருக்கிறது.

யூனிகோடில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக மாறும். அதாவது ஒரு தமிழ்க் குறிக்கு 9 இடம். 'கு' என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, கணினிக்குக் 'க'வும் உகரக் குறியுமாக இரண்டு, ஆகவே 18 இடம். 'பித்தளை' 7 குறி, 63 இடம். 'குத்துவிளக்கு' 13 குறி, 117 இடம். நடுவில் ஒரு கோடும் சேர்த்து 181. வேர்ட்பிரஸ் ஒரு பெயர்ப்பகுதிக்கு ஒதுக்கியிருப்பது 200 இடம்தான். 'பித்தளை குத்துவிளக்கு விலை' என்று தலைப்பு வைத்துப் பாருங்கள், முகவரி 'பித்தளை-குத்துவிளக்கு-வி' என்று அறுந்து நிற்கும். அதே தொடக்கத்தோடு 'விலை சிறியது', 'விலை பெரியது' என்று இரண்டு பொருள் இருந்தால் இரண்டும் ஒரே இடத்தில் அறுபட்டு, இரண்டாவதன் வாலில் வெறும் எண் ஒன்று ஒட்டிக்கொள்ளும். வாடிக்கையாளர் அந்த இணைப்பை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, பெரும்பாலும் ஐந்தாறு வரிக்குச் சதவீதக் குறியும் எண்ணுமாகப் போய் விழும். மோசடி இணைப்பு என்று நினைத்து யாரும் தொடமாட்டார்கள். சிங்கப்பூரில் இன்று அந்தப் பயம் நியாயமானதும்கூட.

இன்னொரு நுணுக்கம் உண்டு. 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. முகவரியில் இரண்டும் வெவ்வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரையை ஒட்டினால் 'சொம்பு' என்று சரியாகத் தெரியும் இணைப்பு 404 காட்டுவது இதனால்தான். தமிழ் முகவரியை எங்கிருந்தும் நகலெடுக்காமல் நேரடியாகத் தட்டச்சு செய்யுங்கள்.

இவ்வளவும் பார்த்தால், விற்பனைப் பக்கங்களுக்கு ஆங்கில எழுத்தில் குறுகிய முகவரியும், உள்ளே முழுக்கத் தமிழும் என்பதே என் தேர்வு. 'கார்த்திகை தீபம் ஏற்றும் முறை' போன்ற கட்டுரைப் பக்கத்துக்கு 'கார்த்திகை-தீபம்' என்று இரண்டு சொல்லில் தமிழிலேயே வைக்கலாம், அழகாகவும் இருக்கும். தமிழ்ப் பக்கங்கள் எல்லாவற்றையும் தமிழுக்கான இரண்டெழுத்துக் குறியீடான 'டிஏ' என்ற ஒரே உறையின் கீழ் வையுங்கள். ஆனால் அந்த உறைப் பெயரை வைத்துக் கூகல் மொழியை முடிவு செய்வதில்லை. பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் எழுத்தைத்தான் பார்க்கிறது. மெனுவும் பொத்தானும் பொருள் விளக்கமும் ஆங்கிலத்தில் இருக்க, தலைப்பை மட்டும் தமிழாக்கினால் அது தமிழ்ப் பக்கம் ஆகாது. ஆங்கிலப் பக்கமும் தமிழ்ப் பக்கமும் எச்ரெஃப்லாங் குறியால் (ஒரே பக்கத்தின் மற்ற மொழி வடிவம் எங்கே என்று சொல்லும் குறி) ஒன்றையொன்று சுட்ட வேண்டும், தன்னையும் சுட்ட வேண்டும். ஒருபக்கம் மட்டும் சுட்டினால் கூகல் அதைக் கணக்கில் எடுக்காது. தமிழ்ப் பக்கத்தின் கனானிக்கல் ஆங்கிலப் பக்கத்தைக் காட்டவே கூடாது. காட்டினால் தமிழ்ப் பக்கம் தேடலில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

'.சிங்கப்பூர்' பற்றி. 2011 முதல் இருக்கும் நம் நாட்டு முகவரி அது, ஆங்கில எழுத்து நாட்டு முகவரியைப் போலவே எஸ்ஜிநிக் நிர்வகிக்கிறது. பெயர்ப்பலகையில் கடையின் பெயரோடு தமிழிலேயே முழு முகவரியும் எழுதலாம் என்பது அதன் கவர்ச்சி. தேடலில் அதற்குத் தனிச் சலுகை இல்லை. இப்போதுள்ள முகவரி '.எஸ்ஜி'யில் முடிகிறதென்றால், சிங்கப்பூர்க் கடை என்ற குறிப்பு கூகலுக்கு ஏற்கெனவே போய்விட்டது. ஆசைக்கு வாங்குவதானால் வாங்கி, இப்போதைய தளத்துக்கு 301 போட்டுவிடுங்கள். அதே தளத்தை இரண்டு முகவரியிலும் ஓடவிட்டால், மேலே சொன்ன இரட்டைப் பிரச்சினை 400 பக்கங்களுக்கும் வந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்று. 'பிராஸ் லேம்ப் ஷாப் லிட்டில் இந்தியா' என்று தேடுபவருக்கு முதலில் வருவது வரைபடமும் அதன் கீழ் சில கடைகளும்தான். அந்த இடத்துக்கு உங்கள் தள முகவரியில் 'லிட்டில் இந்தியா' இருப்பதால் எதுவும் நடக்காது. தேடியதற்குப் பொருத்தமான கடையா, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு அறியப்பட்டது என்பவைதான் அங்கே அளவுகோல். கூகல் பிசினஸ் புரொஃபைலில் (வரைபடத்தில் தெரியும் உங்கள் கடை விவரப் பக்கம்) வகை, திறக்கும் நேரம், படங்கள் சரியாக இருக்கட்டும், மதிப்புரைகளுக்குப் பதில் எழுதுங்கள். அந்த நிறுவனத்துக்குக் கொடுக்க நினைத்த காசில் ஒரு பகுதியை நல்ல படங்கள் எடுக்கச் செலவிட்டால் போதும்.

தீபாவளிச் சிறப்புப் பக்கத்துக்கு 'தீபாவளி-2024', 'தீபாவளி-2025' என்று ஆண்டுக்கு ஒரு முகவரி வைத்திருந்தால், ஒவ்வோர் ஆண்டும் சுழியிலிருந்து தொடங்குகிறீர்கள். 'தீபாவளி' என்று ஆண்டு இல்லாத ஒரே பக்கம் வைத்து, உள்ளடக்கத்தையும் தலைப்பையும் மட்டும் புதுப்பியுங்கள். பழைய ஆண்டுப் பக்கங்களை அதற்கு 301 செய்துவிடுங்கள். இதை மட்டும் தீபாவளிக்கு முன்பே தாராளமாகச் செய்யலாம், ஆகஸ்ட் மாதத்துக்குள் முடித்தால் நல்லது. கடைப் பைகளிலும் ரசீதிலும் கியூஆர் குறி அச்சிட்டிருந்தால், அது எந்த முகவரிக்குப் போகிறது என்று முதலில் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளுங்கள். அச்சடித்துக் கொடுத்த பையைத் திரும்ப வாங்க முடியாது, அந்த முகவரி மட்டும் கடை இருக்கும்வரை திறந்தாக வேண்டும்.